டிரிப்பை நிறுத்திய நேரம்

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களமருதூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அந்த ஐந்திலும் நடவு, களை என்று பாதி நாள் போய்விடும். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் எங்கே முடிப்பது என்று தெரியாமல் முழிப்பேன். மறதியும் ஜாஸ்தி. மருமகள் உப்பு வாங்கி வரச் சொன்னால் கடை வரைக்கும் போய்ப் பருப்பு வாங்கி வருகிற ஆள் நான். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் பிரஷர் மாத்திரைக்காக, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே போயிருந்தேன். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் இருக்கிறது, அது போதும். அங்கே முப்பத்தோரு வருஷம் பெண் ஊழியராக இருந்தேன். பெண் ஊழியர் என்பது கவர்மென்ட் எழுதுகிற பெயர். கூப்பிடுவது ஆயாம்மா. இருபத்துநாலு வயதில் சேர்ந்த அன்றைக்கே எங்க ஊரில் பாட்டியைக் கூப்பிடுகிற பெயர் எனக்கு வந்துவிட்டது.

பிரசவ வார்டில் இப்போது இருக்கிற நர்ஸ் பிள்ளை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. டிரிப் ஸ்டாண்டில் ஒரு மிஷின் மாட்டியிருந்தார்கள். சொட்டை அதுவே எண்ணுகிறது. பாட்டில் காலியானால் அதுவே கத்துகிறது, அதுவே நின்றுவிடுகிறது.

"உங்க காலத்துல எப்படி ஆயாம்மா ஸ்டாப் பண்ணுவீங்க?" என்று கேட்டது.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். கூட்டத்தில் நாலு வார்த்தை பேச எனக்கு எப்பவும் வராது, அந்த ஒரு பிள்ளை முன்னாலும் வரவில்லை. ரிட்டயர் ஆனவர்கள் கூட்டத்துக்கு மலர் போடுகிறோம், எழுதிக் கொடுங்கள் என்று அதே பிள்ளை பிறகு ஆள் அனுப்பியது. அது கேட்டதற்குப் பதிலைத்தான் எழுதுகிறேன். வேறு எதுவும் எனக்கு எழுதத் தோன்றவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷம் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ரப்பர் ஷீட் கழுவினேன், பெட்பேன் வைத்தேன், எனிமா கொடுக்கக் கற்றுக்கொண்டேன், ஊசி வேகவைத்தேன். முதல் வாரம் சோறு இறங்கவில்லை, இரண்டாவது வாரம் இறங்கியது. அவ்வளவுதான்.

அந்த இரண்டு வருஷத்தில் காதில் விழுந்தது எல்லாம் இங்கிலீஷ். டாக்டர்களும் சிஸ்டர்களும் ஒரு காரியத்தை ஆரம்பிக்கச் சொல்வதற்கு ஒரே வார்த்தைதான் வைத்திருந்தார்கள். நிறுத்தச் சொல்வதற்கு மட்டும் எத்தனையோ வைத்திருந்தார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. எங்க வூட்டில் அடுப்பை நிறுத்தினாலும் நிறுத்துதான், மாட்டை நிறுத்தினாலும் நிறுத்துதான்.

காய்ச்சல் விட்ட பிறகும் மருந்து ஏறிக்கொண்டிருந்தால், டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது சாவகாசமாக டிஸ்கன்டினியூ என்பார். அது அவசரம் இல்லாத வார்த்தை. அடுத்த வேளையில் இருந்து கிடையாது, அவ்வளவுதான். ஒமிட் என்றால் இந்த ஒரு வேளை மட்டும் வேண்டாம், ராத்திரிக்கு உண்டு. ஹோல்ட் என்றால் கையில் வைத்துக்கொண்டு காத்திரு, நான் சொல்கிறேன். அதில் சொன்னவருக்கே இன்னும் சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தம். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நின்றால் பிளீடிங் அரெஸ்ட் ஆயிடுச்சு என்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை அது. அதைக் கேட்டால் தரையைத் துடைக்கத் துணி எடுத்து வரலாம் என்று தெரியும். எங்களுக்கென்று தனியாக இரண்டு இருந்தது, சஸ்பெண்ட், டெர்மினேட். சஸ்பெண்ட் பர்மனன்ட் ஆளுக்கு, டெர்மினேட் டெம்பரவரிக்கு. நான் அப்போது டெம்பரவரி.

ஸ்டாப் என்பது இதிலெல்லாம் சேராது. ஸ்டாப் என்று சொன்னால் சொன்னவர் முகத்தைப் பார்க்கக்கூட நேரம் கிடையாது. அந்த நிமிஷமே கை அங்கே இருக்க வேண்டும்.

இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வார்த்தையைக்கூட நான் வாய் விட்டுச் சொன்னது கிடையாது. எங்களுக்குள் பேசும்போதும் சொல்ல மாட்டேன். இன்னொரு ஆயாம்மா நாகம்மாள் தைரியசாலி. டாக்டர் நடை மாதிரி நடந்து காட்டி, "நாகம்மா, டீயை டிஸ்கன்டினியூ பண்ணு, காபி கொடு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன்.

எங்கள் பிரசவ வார்டைப் பெரிய சிஸ்டர் பார்த்துக்கொண்டார்கள். நாகர்கோவில் பக்கம். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒன்றை இரண்டு தடவை சொல்ல மாட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று கேஸ் ஷீட்டை எடுத்து, ஆள்காட்டி விரலை வரி வரியாக வைத்துப் படிப்பார்கள். நிறுத்த வேண்டிய மருந்து இருந்தால் சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, அந்த வரியின் மேல் அடிஸ்கேல் வைத்து ஒரு கோடு. கோட்டின் முனையில் நேரம். நேரத்துக்குக் கீழே கையெழுத்து. மூடியைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார்கள். நான் பின்னாலேயே வாளியோடு போவேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் கொஞ்சம் பழகியது. எண் நன்றாகவே தெரியும்.

சேர்ந்து மூன்றாவது வருஷம் இருக்கும். ஒரு பேஷன்ட்டுக்குப் பாட்டில் காலியாகிவிட்டது. அப்போது கண்ணாடி பாட்டில், ரப்பர் டியூப், டியூபில் ஒரு கிளிப்பு. கிளிப்பை நகர்த்தினால் சொட்டு கூடும், குறையும், நிற்கும். சிஸ்டர் சாப்பிடப் போயிருந்தார்கள். காற்று ஏறிவிடும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து, நான் கிளிப்பை இறுக்கி மூடிவிட்டேன். மூடியது தப்பில்லை. போய்ச் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. கூச்சத்தில், அவர்களே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். ஊசியில் ரத்தம் உறைந்துபோனது. அந்த அம்மாவுக்கு நாலு இடத்தில் குத்தி நரம்பு தேட வேண்டியதாகிவிட்டது.

பெரிய சிஸ்டர் திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். கட்டிலின் பக்கவாட்டு இரும்புச் சட்டத்தின் மேல் என் கையை வைத்தார்கள்.

"இதுக்குக் கீழே உள்ளது உன் வேலை அஞ்சலை. இதுக்கு மேலே உள்ளது என் வேலை. உன் கை இதுக்கு மேலே வரக் கூடாது."

அவ்வளவுதான். பிறகு அது எங்கள் வார்டின் சட்டமே ஆகிவிட்டது. புதிதாக வருகிற ஆயாம்மாவுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். பேன், ஷீட், வாளி, தரை, குழந்தையின் துணி, எல்லாம் சட்டத்துக்குக் கீழே. பாட்டில், டியூப், கிளிப்பு, கேஸ் ஷீட், எல்லாம் மேலே. ஒருத்தர் வேலையில் ஒருத்தர் கை படாமல் வருஷக்கணக்காக ஓடியது. நல்ல சட்டம்தான் என்று இப்பவும் நினைக்கிறேன். எத்தனையோ தப்பு அதனால் நடக்காமல் போயிருக்கும்.

அப்புறம் இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் வந்தன. எங்க பக்கம் அப்போது எப்படி இருந்தது என்று வயதானவர்களுக்குத் தெரியும். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் கிடையாது, பால் வண்டி கிடையாது. கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எங்க சொந்தத்திலேயே படித்துவிட்டு வேலை இல்லாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள். தடியடியில் கை உடைந்து வந்தவர்களில் என் அத்தை மகனும் ஒருத்தன். ஆனால் ஆஸ்பத்திரிக்கு அது கஷ்டமான காலம். வேலைக்கு வர வேண்டிய சிஸ்டர்கள் வர முடியவில்லை. எங்கள் வேன் டிரைவர் பாய் தினமும் காலையில் வண்டியைத் துடைத்து ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்பார்.

"வண்டி ஸ்டார்ட் ஆவுது அஞ்சலை, ரோடுதான் ஸ்டார்ட் ஆவல" என்பார்.

அப்படி ஒரு நாள் காலை பத்து மணிக்குச் சின்னப்பொண்ணு வந்தாள்.

மலைக்காரி. வெள்ளிமலைக்கும் அந்தாண்டை ஏதோ ஒரு ஊர். கம்பில் கம்பளியைக் கட்டி, தூளி மாதிரி ஆக்கி, நாலு பேர் தூக்கிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறார்கள். கீழே வந்தால் பஸ் இல்லை. கொஞ்ச தூரம் மாட்டு வண்டி, மறுபடி தூளி. புருஷன் பெயர் சடையன் என்று ஞாபகம். ஒல்லியாக, உயரமாக, தோளில் கம்பு அழுத்திய இடம் சிவந்து வீங்கியிருந்தது. முதல் இரண்டும் பெண் குழந்தைகள், வூட்டிலேயே பிறந்தவை. மாமியார் அந்தக் குழந்தைகளோடு தங்கிவிட்டதால் கூட ஒரு பொம்பளையும் வரவில்லை.

நான்தான் அவளைத் துடைத்து, புடவை மாற்றிப் படுக்க வைத்தேன். டாக்டரம்மா வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, குழந்தையோட நெஞ்சுச் சத்தம் நல்லா இருக்கு என்றார்கள். பனிக்குடம் உடைந்து நேரமாகியிருந்தது, வலி மட்டும் போதவில்லை. பதினொன்றரைக்கு வலி வர டிரிப் போட்டார்கள். போடும்போது டாக்டரம்மா பெரிய சிஸ்டரிடம் தமிழும் இங்கிலீஷும் கலந்து சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வலிக்கு நடுவில் வயிறு தளர்ந்து கொடுக்க வேண்டும். தளராமல் மேலே மேலே வலி வந்தால் ஸ்டாப். யாரையும் கேட்க வேண்டாம், உடனே ஸ்டாப்.

அன்றைக்கு வார்டில் பெரிய சிஸ்டர் ஒருத்தர்தான். என்னை ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார்கள். வயிற்றின் மேல் கை வைத்திரு, கல்லாக இறுகும், பிறகு இளகும், இளகாவிட்டால் என்னைக் கூப்பிடு என்றார்கள். இது சட்டத்துக்கு மேலே உள்ள வேலைதான், ஆனால் கை மனுஷி மேல்தானே, பாட்டில் மேல் இல்லையே.

வலிக்கு நடுவில் அவள் நன்றாகவே பேசினாள். மலையில் சாமை அறுப்பு நடக்கிறது, இந்த நேரத்தில் வந்து படுத்துக்கொண்டேன் என்று மாமியார் முணுமுணுக்கும் என்றாள். உங்களுக்கு எத்தனை பிள்ளை அக்கா என்று கேட்டாள். ஒண்ணே ஒண்ணு, பையன் என்றேன். "எனக்கு இது பையனா இருந்தா அவரு ஒரு வாரத்துக்குக் கீழ இறங்க மாட்டாரு, மரத்து மேலயேதான் இருப்பாரு" என்று சிரித்தாள். தேன் எடுக்கிறவராம்.

பன்னிரண்டே முக்கால் இருக்கும். வெளியே சத்தம் கேட்டது. ரோட்டில் கல்லெறியும் தடியடியும் நடந்து, அடிபட்டவர்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். முன் கட்டடத்துக்கு டாக்டரம்மா ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் பெரிய சிஸ்டரையும் வரச் சொல்லி ஆள் வந்தது. சிஸ்டர் சொட்டை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, கூப்பிடு, வந்துடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு மணிக்கு மேல் வயிறு இளகவில்லை. இளகும் இளகும் என்று காத்திருந்தேன். கை வைத்த இடம் அம்மிக்கல் மாதிரி அப்படியே நின்றது. அவள் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாந்து பாட்டிலைப் பார்த்தாள். எது ஏறி இப்படி வலிக்கிறது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

"அக்கா, அந்தத் தண்ணிய நிறுத்துக்கா."

கிளிப்பு என் முகத்துக்கு நேராக, ஒரு முழம் தள்ளி இருந்தது. என் கை வயிற்றில் இருந்து எழுந்து இரும்புச் சட்டம் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அதை ஒரு பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. பல வருஷமாக அந்தக் கை அதற்கு மேலே போனதில்லை, அன்றைக்கும் போகவில்லை.

"இருடி கண்ணு, சிஸ்டரக் கூட்டிக்கினு வந்துடறேன்" என்றேன்.

வார்டு கடிகாரத்தில் ஒன்று ஐந்து.

தாழ்வாரத்தில் சடையன் எழுந்து நின்றார். இன்னா ஆச்சு என்று கேட்டார். ஒண்ணுமில்லைங்க என்று சொல்லிவிட்டுப் போனேன்.

முன் கட்டடத்தில் கேஷுவாலிட்டி வாசல் முழுக்க ஆம்பளைகள். போலீஸ் ஆபீசர், ஊர்ப் பெரியவர்கள், மண்டை உடைந்தவர்கள், அவர்களைத் தாங்கிக்கொண்டு நின்றவர்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசல்படி வரைக்கும் போய்விட்டேன். உள்ளே டாக்டரம்மா தையல் போடுகிறார்கள், சிஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பத்தடி தூரம்.

அந்த ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் வேலையாக இருந்தால் ஆயாம்மா கூப்பிட மாட்டாள். கண்ணில் படுகிற மாதிரி வாசலில் நிற்பாள். பார்த்துவிட்டு அவர்கள் என்ன என்று கேட்டால் சொல்வாள். நான் அப்படியே நின்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒருத்தர், "ஏம்மா, ஓரமா நில்லேன், காத்து வரட்டும்" என்றார். ஓரமாகவும் நின்றேன்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தை எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் யார் கை எங்கே போகும் என்றும் தெரியும். அத்தனை ஆம்பளைகள் முன்னால் அதை நான் சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஆயாவுக்கு இங்கிலீஷைப் பார் என்பார்கள் என்று நினைத்தேன். தமிழிலேயே சொல்லியிருக்கலாம். சிஸ்டர் என்று ஒரு கத்து கத்தியிருக்கலாம். யாருடைய முகத்தையும் பார்க்க முடியாமல் எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நேரம் எனக்குத் தெரியும். ஒன்று பத்து. ஒன்று பதினைந்து. சிஸ்டர் ஒரு தடவை பாதி திரும்பி மறுபடி குனிந்துகொண்டார்கள். ஒன்று இருபது.

ஒன்று இருபத்தைந்துக்குப் பஞ்சு எடுக்கத் திரும்பியவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"எத்தனை நேரமா நிக்கிறே?" என்றார்கள். என்ன என்று கேட்கவில்லை பாருங்கள்.

"வலி வுடாம வருதுங்க சிஸ்டர்."

அவர்கள் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். ஒரு கால் செருப்பு முற்றத்திலேயே கழன்றுவிட்டது. நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர்கள் வார்டுக்குள் போய் முதலில் கிளிப்பை மூடினார்கள். ஒன்று இருபத்தேழு, இருபத்தெட்டு.

சின்னப்பொண்ணு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். முகம் வேர்த்து, வெளுத்திருந்தது. ஆனால் வலி இல்லை.

"இப்பத் தேவலாம்கா. நின்னு போச்சு."

எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாம் லேட்டானாலும் தெய்வமே நிறுத்திவிட்டது என்று நினைத்தேன். செருப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்துக்கூட இருப்பேன். அப்புறம்தான் பெரிய சிஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் கை வயிற்றின் மேல் இருந்தது. வயிறு கல்லாக இல்லை. வடிவம் மாறிப்போய், குழந்தையின் கை கால் தோலுக்கு அடியிலேயே தட்டுப்பட்டது. கர்ப்பப்பை கிழிந்தால் வலி அப்படித்தான் சட்டென்று நிற்கும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. டாக்டரம்மா வந்து குழல் வைத்துக் கேட்டார்கள். ரொம்ப நேரம் கேட்டார்கள். குழந்தையின் சத்தம் இல்லை. குழலை எடுத்துவிட்டு வேனைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

எங்களிடம் ஆபரேஷன் வசதி கிடையாது, ரத்தம் கிடையாது. கள்ளக்குறிச்சிக்குத்தான் போக வேண்டும். வேறு பாட்டில், வெறும் உப்புத் தண்ணீர், மாட்டினார்கள். ஸ்ட்ரெச்சரை வேனில் ஏற்றியதும் பெரிய சிஸ்டர் அந்தப் பாட்டிலை என் கையில் கொடுத்தார்கள். "உயரத் தூக்கிப் பிடி. இறக்காதே" என்று சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பினார்கள்.

இரண்டு மைலில் முதல் மரம். கோடாலியோடு பத்துப் பதினைந்து பையன்கள் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். வேனைப் பார்த்ததும் ஒருத்தன் எழுந்து, வழி கிடையாது, திருப்பு என்றான். பாய் இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்து காட்டினார். அந்தப் பையன் எட்டிப் பார்த்தான். கோடாலியைக் கீழே போட்டான்.

"எறங்குங்கக்கா, நாங்க தூக்கிக்கினு போறோம்."

மரத்தின் மேலே ஏற்றி, கை மாற்றி, அந்தப் பக்கம் இறக்கினார்கள். அங்கே இருந்து ஓட்டமும் நடையுமாகச் சுமந்தார்கள். சடையன் தலைமாட்டில் ஒரு பக்கம். நான் பாட்டிலோடு பக்கத்திலேயே ஓடினேன். இரண்டாவது மரத்திலும் அப்படித்தான். அதைத் தாண்டி ஒரு டிராக்டர் கிடைத்தது. பெட்டியில் வைக்கோல் போட்டு அவளைக் கிடத்தினார்கள். கூட வந்த பையன்களில் ஒருத்தன் தன் துண்டை நனைத்து அவள் நெற்றியில் போட்டான். அவனுக்கும் எவ்வளவு வயது இருக்கும், இருபதுகூட இருக்காது.

எப்போது போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டு நின்றிருந்தது. கை மரத்துப்போயும் இறக்கவில்லை, இறக்காதே என்றுதானே சொன்னார்கள்.

"போதும்கா" என்றார் சடையன். "கைய இறக்குங்க."

மறுநாள் ரெக்கார்டு ரூமுக்குக் கேஸ் ஷீட்டை நான்தான் எடுத்துப் போனேன். டிரிப் எழுதியிருந்த வரியின் மேல் சிவப்புக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. முனையில் நேரம் ஒன்று ஐந்து. கீழே கையெழுத்து. தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டேன். நான் வார்டை விட்டுக் கிளம்பியதாக அவர்களிடம் சொன்ன நேரம் அது. ஒன்று ஐந்துக்குப் பெரிய சிஸ்டர் அந்த அறையிலேயே இல்லை.

இரண்டு வாரம் கழித்து விசாரணைக்கு ஒரு பெரிய டாக்டர் வந்தார். ஷீட்டைப் படித்துப் பார்த்தார். டிரிப் சரியான நேரத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது. அப்படியானால் ஏன் கிழிந்தது? பனிக்குடம் உடைந்து இவ்வளவு நேரம் கழித்துக் கொண்டுவந்ததால். வழியில் உலுக்கியதால். அப்புறம் ரோட்டில் மரம். சடையனையும் வரச் சொல்லியிருந்தார்கள். மலையில் இருந்து நடந்தே வந்திருந்தார். நீங்க லேட்டா கொண்டுவந்துட்டீங்க, கொஞ்சம் முன்னால வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம் என்று அந்த டாக்டர் அவரிடம் நல்லவிதமாகவே சொன்னார்.

சடையன் தலையை ஆட்டினார்.

"ஆமாங்க. வழியில ரெண்டு தரம் தூளிய இறக்கி வச்சேன். அவதான் தண்ணி கேட்டா. எறக்காம வந்திருக்கணும்."

நான் கதவோரமாக நின்றிருந்தேன். என்னையும் கேட்டார்கள். சிஸ்டர் எழுதியிருக்கிறது சரிதானா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றேன். அதற்கு மட்டும் வாய் உடனே திறந்தது.

விசாரணைக்கு வந்த டாக்டர் போன பிறகு பெரிய சிஸ்டர் என்னை லினன் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டே பேசினார்கள். நீ டெம்பரவரி, உன்னை டெர்மினேட் பண்ணிடுவாங்க என்றார்கள். ஒரு துணியை அடுக்கில் வைத்துவிட்டு, "உனக்காகத்தான் எழுதினேன்னு நினைச்சுக்காதே அஞ்சலை. எனக்காகவும்தான்" என்றார்கள். நான் அழுதேன். அவர்கள் அழவில்லை. கடைசியில், இனிமேல் வலி விடாமல் வந்தால் கிளிப்பை நீயே மூடு, மூடிவிட்டு என்னைக் கூப்பிடு, கத்திக் கூப்பிடு என்றார்கள்.

அதற்குப் பிறகு நான் பல தடவை மூடியிருக்கிறேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் மூடியிருக்கிறேன். ஒரு தடவை, சிஸ்டர் ஸ்டாப் என்று வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியும் இருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் பிழைத்தன. அதை எல்லாம் கணக்கில் வைத்து என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள எனக்கு வரவில்லை.

பெரிய சிஸ்டர் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய், இறந்தும் பல வருஷம் ஆகிறது. நல்லவர்கள். அவர்களைக் குறைவாக யாரும் நினைக்க வேண்டாம். ஓடி வந்தவர்கள் அவர்கள், நின்றவள் நான். எனக்குப் பர்மனன்ட் வந்தது, பென்ஷன் வருகிறது. சடையன் மட்டும் அந்த இரண்டு தரம் இறக்கி வைத்ததைத் தோளில் வைத்துக்கொண்டே மலை ஏறினார்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். ரெக்கார்டு ரூமில் அந்தக் கேஸ் ஷீட் இன்னும் இருந்தால், ஒன்று ஐந்து என்று இருப்பது தப்பு, ஒன்று இருபத்தேழுக்கு மேல் என்று யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லுங்கள். நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன். மலைப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் விசாரித்துப் பாருங்கள். தேன் எடுக்கிறவர், உயரமானவர், இரண்டு பெண் குழந்தைகள். அவர் இல்லாவிட்டால் அந்தப் பெண்களில் ஒருத்தியாவது இருப்பாள். தண்ணீர் கேட்டபோது இறக்கி வைத்ததால் ஒன்றும் ஆகவில்லை, பத்து மணிக்கு வந்து சேர்ந்தபோது தாயும் நன்றாக இருந்தாள், குழந்தையின் சத்தமும் நன்றாக இருந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். சடையன் என்ற பெயரும் வெள்ளிமலைக்கு அந்தாண்டை என்பதும் என் ஞாபகத்தில் இருந்து எழுதியது. சரிதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது ஒரு வூட்டில் போய் இதைச் சொல்லிவிடக் கூடாது.